துப்பாக்கிக் கணக்கும் தெய்வக் கணக்கும்

2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி காபூல் நகரம் தாலிபான்கள் வசமாயிற்று. ஆகஸ்டு 6-ந் தேதி நிம்ரூஸ் மாகாணத்துத் தலைநகரான சரஞ்ச் விழுந்தது முதல், குந்தூஸ், கஜினி, ஹீரத், காந்தகார், மஜார்-இ-ஷரீப், ஜலாலாபாத் என்று ஊர் ஊராக வரிசையாய் விழுந்து, பத்தே நாளில் தலைநகரமும் பெரிய சண்டை ஒன்றும் இல்லாமலே விழுந்தது. நாட்டின் ஜனாதிபதியாயிருந்த அஷ்ரப் கனி அன்றைக்கே ஹெலிகாப்டர் ஏறிப் போய்விட்டார்.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், இன்றைக்கும் பெரும்பாலோர் இரண்டே இரண்டு பதில்தான் வைத்திருக்கின்றார்கள். மதவாதிகளைக் கேட்டால், "ஆண்டவன் கொடுத்த வெற்றி, விசுவாசத்துக்கு முன் பீரங்கி என்ன செய்யும்?" என்கின்றார்கள். பணத்தையும் ஆயுதத்தையும் கொட்டிக் கொடுத்தவர்களைக் கேட்டால், "எல்லாம் சரியாய்த்தான் செய்து கொடுத்தோம், அந்த ஊர்ச் சிப்பாய்க்குச் சண்டை போட மனமில்லை, கோழை!" என்கின்றார்கள். முதல் பதில் தெய்வத்தின் தலையில் பாரத்தைப் போடுகின்றது. இரண்டாவது பதில் செத்துப்போன சிப்பாயின் தலையில் போடுகின்றது. இரண்டுமே ஆராய்ச்சி செய்யாமல் தப்பித்துக் கொள்ளுகின்ற வழிகள் என்பதும், ஒரு ஆயுதக் கூட்டத்தின் பலத்தை அறிவைக் கொண்டு அளப்பதற்கு வேறு வழி உண்டு என்பதுமே நாம் இங்கு சொல்ல வருவதாகும்.

நம்முடைய தப்பு

பிறத்தியார் தப்பைச் சொல்லுவதற்கு முன் நம் தப்பை ஒப்புக்கொள்ளுவது யோக்கியமாகும். 2021 ஜூலை மாதத்தில் ஒரு நாள் டீக்கடையில் பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில், ஆப்கானிஸ்தான விஷயம் பேச்சில் வந்தது. அப்போதுதான், ஜூலை 8-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி பைடன், ஆப்கன் சர்க்காரிடம் நல்ல ஆயுதம் தாங்கிய 3 லட்சம் துருப்புகளும் ஆகாயப் படையும் இருக்கின்றன, எதிரில் இருப்பதோ சுமார் 75,000 தாலிபான்கள் என்று பேசியிருந்தார். நாமும் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, "ஒன்றுக்கு நான்கு பேர் இருக்கின்றார்கள், விமானமும் இருக்கின்றது, எப்படியும் ஒரு வருஷமாவது தாக்குப் பிடிப்பார்கள்" என்று பெரிய நிபுணர் மாதிரி கையை ஆட்டிச் சொல்லிவிட்டோம்.

அங்கே பட்டாளத்தில் சப்ளைப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஹவில்தாராய் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, மூன்று லட்சம் என்கிறீர்களே, அவனுக்கெல்லாம் மாசா மாசம் சம்பளம் போய்ச் சேருகிறதா?" என்று கேட்டார்.

"அது தெரியாதுங்க அய்யா" என்றோம்.

"சோறும் குண்டும் யார் கொண்டு போய்க் கொடுக்கிறான்? லாரியா, ஹெலிகாப்டரா?"

"அதுவும் தெரியாது."

"காயம் பட்டவனைத் தூக்கி வர ஆள் இருக்கா?"

நாம் பேசவில்லை. அவர் கடைசியாக, "அடுத்த வருஷமும் இங்கே இருக்கப் போகிறவன் எவன் என்று அந்த ஊர்க்காரன் நினைக்கிறான்? அதைச் சொல்லுங்கள், ஜெயிக்கிறவன் யார் என்று நான் சொல்லுகிறேன்" என்றார்.

பகுத்தறிவைப் பற்றி ஊர் ஊராய்ப் போய்ப் பேசுகின்ற நாம், ஒரு பெரிய உத்தியோகஸ்தர் சொன்ன எண்ணிக்கையை, பக்தன் சாஸ்திரத்தை நம்புவது போல நம்பிக் கொண்டு பேசினோம். அன்று வெட்கப்பட்டது வாஸ்தவம். அந்தப் பெரியவர் கேட்ட நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டு பின்னால் கிடைத்த சங்கதிகளைப் படித்துப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் இனி எழுதுகின்றோம்.

சம்பளம் வாங்கிய பேய்கள்

முதல் கேள்வி சம்பளம். 20 வருஷ காலத்தில் ஆப்கன் துருப்புகளுக்கென்று அமெரிக்கா ஒதுக்கிய பணம் 8,000 கோடி டாலருக்கு மேல். ஆனால் 3 லட்சம் என்கின்ற எண்ணிக்கையோ, ஆளைக் கண்ணால் பார்த்து எண்ணினது அல்ல. சேனாதிபதிகள் எழுதிக் கொடுத்த ஜாபிதாவைக் கூட்டினது. அந்த ஜாபிதாவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இல்லாத ஆட்கள் என்று, அந்த சர்க்காரிலேயே நிதி மந்திரியாயிருந்த காலித் பயேந்தா 2021 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். ஓடிப்போனவன் பேரும், செத்தவன் பேரும் அடிக்கப்படாமல் இருந்ததென்றும், அவர்கள் பேரில் வந்த சம்பளத்தை மேலதிகாரிகள் எடுத்துக் கொண்டார்களென்றும் அவர் சொன்னார். இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே வழங்கிய பேரே "பேய்ச் சிப்பாய்கள்" என்பதாகும்.

பேய் என்று ஒன்று கிடையாது என்று நாம் எவ்வளவோ காலமாய்ச் சொல்லி வருகின்றோம். ஆனால் ஆப்கானிஸ்தானத்தில் பேய்கள் மாதச் சம்பளம் வாங்கின, பேய்களுக்கு உடுப்பும் துப்பாக்கியும் வந்தன, பேய்கள் ஜனாதிபதியின் பிரசங்கத்திலும் இடம் பெற்றன! செத்துப்போன தகப்பனுக்குப் போய்ச் சேரும் என்று சொல்லி அரிசியும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு போகின்ற புரோகிதனுக்கும், செத்த சிப்பாய் பேரால் சம்பளம் வாங்கித் தின்ற தளபதிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். முன்னவனை நம்புவது மூட நம்பிக்கை என்றால், பின்னவன் எழுதிக் கொடுத்த ஜாபிதாவை நம்பி யுத்தத்தின் முடிவை ஜோசியம் சொன்னதற்கு வேறு என்ன பெயர்?

பேயாக இல்லாமல் உயிரோடு இருந்த சிப்பாயின் கதி என்ன? போலீஸ்காரர்களில் பலருக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. மேலே இருந்தவன் பேய்ச் சம்பளத்தையும் தின்றான், உயிருள்ளவன் சம்பளத்தையும் நிறுத்தி வைத்தான்.

சோறும் குண்டும் காயமும்

இரண்டாவது கேள்வி சோறும் குண்டும். ஆப்கன் சர்க்காரின் துருப்புகள் ஆயிரக்கணக்கான சிறு சிறு காவல் சாவடிகளில் பத்துப் பேரும் இருபது பேருமாய்ச் சிதறிக் கிடந்தன. சாலைகளைத் தாலிபான்கள் வெட்டிவிட்டால், அந்தச் சாவடிகளுக்கு ஆகாயத்திலிருந்துதான் சோறும் குண்டும் வரவேண்டும். அந்த விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் பழுது பார்த்தவர்களோ அந்நிய கண்டிராக்டர்கள். அவர்கள் போய்விட்டால் விமானங்கள் சில மாதத்துக்கு மேல் பறக்க முடியாது என்பது அமெரிக்க சர்க்காரின் தணிக்கை இலாகாவே முன்கூட்டி எழுதி வைத்த விஷயமாகும். அப்படியிருந்தும் துருப்புகளோடு கண்டிராக்டர்களும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பக்ராம் என்ற மிகப் பெரிய விமானத் தளத்தை 2021 ஜூலை முதல் வாரத்தில் இராத்திரியோடு இராத்திரியாய்க் காலி செய்தார்கள். அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய ஆப்கன் தளபதிக்கு அவர்கள் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. காந்தகார்ப் போர்முனையில் ஒரு போலீஸ் பிரிவுக்கு ஒரு நாள் ரேஷனாக வந்தது ஒரு பெட்டி உருளைக்கிழங்கு என்று பத்திரிகைகளில் படித்தோம். அதைத் தின்றுவிட்டு யாருக்காகச் சாவது?

மூன்றாவது கேள்வி காயம். 2021 ஜூன் 16-ந் தேதி பரியாப் மாகாணத்துத் தவ்லத் ஆபாதில் இருபதுக்கு மேற்பட்ட கமாண்டோ வீரர்கள் சுற்றி வளைக்கப்பட்டு, கேட்ட உதவிப் படை வராமலே கொல்லப்பட்டார்கள். அந்த நாட்டின் மிகத் தேர்ந்த சிப்பாய்கள் அவர்கள். தேர்ந்தவனுக்கே உதவி வராது என்பதைக் கண்ட சாதாரணச் சிப்பாய் என்ன நினைப்பான்?

இந்த மாதிரிச் சிப்பாயைத்தான் கோழை என்று சொல்லுகின்றார்கள். அந்த 20 வருஷத்தில் ஆப்கன் இராணுவத்திலும் போலீசிலும் செத்தவர்கள் 60,000 பேருக்கு மேல். அமெரிக்கத் துருப்புகளில் இறந்தவர்களைப் போல இருபது மடங்குக்கு மேல் இது ஆகும். இவ்வளவு பேரைப் பலி கொடுத்தவர்களைக் கோழை என்பதற்கு, பணம் கொடுத்தவன் என்கின்ற திமிர் தவிர வேறு ஆதாரம் உண்டா?

கிராமத்துக்காரன் கணக்கு

நான்காவது கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. தாலிபான்களின் ஆயுதம் என்ன? பழைய ரகத் துப்பாக்கி, தோளில் வைத்துச் சுடும் ராக்கெட், சாலையில் புதைக்கும் வெடி, மோட்டார் சைக்கிள், இவ்வளவுதான். ஒரு விமானம்கூடக் கிடையாது. ஆனால் ஜாபிதாவில் வராத பல சாமான்கள் அவர்களிடம் இருந்தன.

மாகாணத்துக்கு மாகாணம் மறைமுகமாக ஒரு கவர்னரை நியமித்திருந்தார்கள். நிலத் தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்ல நீதிபதிகளை வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பு நமக்குச் சம்மதமான நியாயமல்ல. பெண்ணுக்கு அதில் நியாயமே கிடையாது. என்றாலும் சர்க்கார் கோர்ட்டில் லஞ்சம் கொடுத்துக் கொடுத்து வருஷக் கணக்கில் அலைந்த குடியானவனுக்கு, சீக்கிரத்தில் ஒரு தீர்ப்பு கிடைத்தது. விளைச்சலில் வரி, அபினியில் வரி, சாலையில் போகும் லாரிக்குச் சுங்கம் என்று வசூல் செய்தார்கள். தலைவர்கள் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானத்தில் குவெட்டாவில் பத்திரமாய் இருந்தார்கள். தாலிபான்களின் குடும்பங்கள் தங்கள் நாட்டில் வசிக்கின்றன என்றும், காயம் பட்டவர்கள் சில சமயம் அங்கே வைத்தியத்துக்கு வருகின்றார்கள் என்றும் பாகிஸ்தான் உள்நாட்டு மந்திரியே 2021 ஜூனில் டெலிவிஷனில் சொன்னார். அதாவது பெரியவர் கேட்ட கேள்விகளில், வரும்படிக்கும் வைத்தியத்துக்கும் தாலிபான்களிடம் பதில் இருந்தது.

2020 பிப்ரவரி 29-ந் தேதி தோஹாவில் அமெரிக்காவும் தாலிபான்களும் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். ஆப்கன் சர்க்கார் அதில் ஒரு கட்சியே அல்ல. அப்படியிருந்தும், அந்த சர்க்கார் 5,000 கைதிகள் வரை விடுதலை செய்யவேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. இதைக் கேள்விப்பட்ட கிராமத்துக்காரனுக்கு, போகப் போகின்றவன் யார், இருக்கப் போகின்றவன் யார் என்பதற்கு வேறு ஜோசியம் வேண்டுமா? தாலிபான்கள் இதை நன்றாய்ப் புரிந்துகொண்டு, கிராமத்துப் பெரியவர்களைச் சாவடிக்குத் தூது அனுப்பி, "துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ, உயிருக்குப் பயமில்லை" என்று சொல்லச் செய்து, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார்கள். 2021 மே மாதம் முதல் சாவடிகள் இப்படியே ஒவ்வொன்றாய்க் கலைந்தன. ஜூன், ஜூலையில் ஷேர்கான் பந்தர், இஸ்லாம் கலா, ஸ்பின் போல்தக் என்ற எல்லைச் சுங்கச் சாவடிகளைப் பிடித்து, சர்க்காருக்கு வரும் சுங்கப் பணத்தையும் தங்கள் பக்கம் திருப்பிக் கொண்டார்கள். ஜூலை 21-ந் தேதி அமெரிக்கச் சேனையின் தலைவர் மில்லி, சுமார் 400 ஜில்லாக்களில் 200-க்கு மேற்பட்ட ஜில்லாத் தலைமையிடங்கள் தாலிபான் வசம் ஆகிவிட்டன என்று ஒப்புக்கொண்டார். அப்படியும் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில்கூட, காபூல் 90 நாளில் விழலாம் என்று அமெரிக்க உளவு இலாகா கணித்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. அது வந்து அய்ந்து நாளைக்குள் காபூல் விழுந்தது.

அளவுகோலைத் தூக்கி எறிந்தவர்கள்

முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. 2021 ஜனவரியிலேயே ஜோனதன் ஷ்ரோடன் என்ற ஆராய்ச்சிக்காரர், இரு பக்கத்தின் ஆள் பலம், சாமான், வெளி உதவி, கட்டுப்பாடு முதலியவைகளைத் தனித்தனியாய் எடைபோட்டு, அமெரிக்கா போய்விட்டால் தாலிபான்கள் கைதான் கொஞ்சம் ஓங்கி நிற்கும் என்று எழுதினார். அவரும் இவ்வளவு சீக்கிரம் விழும் என்று சொல்லவில்லைதான். என்றாலும் அவர் போட்ட கணக்கு சரியான கணக்கு. ஏனெனில் அவர் தலைகளை எண்ணியதோடு நிற்காமல் அந்தத் தலைகளை எது சேர்த்துக் கட்டியிருக்கிறது என்றும் கேட்டார்.

சர்க்கார் செய்ததோ இதற்கு நேர் விரோதம். எந்த ஜில்லா யார் வசம் இருக்கின்றது என்று அமெரிக்கச் சேனை கணக்கு எடுத்து வெளியிட்டு வந்தது. அது நாளுக்கு நாள் தங்களுக்குப் பாதகமாகிக் கொண்டு வந்தது. 2019-ல், தளபதிக்கு அதனால் அவ்வளவு பிரயோஜனமில்லை என்று சொல்லி, கணக்கெடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். சுரம் ஏறுகின்றதென்று சுரமானியை உடைத்துப் போட்டால் சுரம் இறங்கிவிடுமா?

இது புதிய வியாதியும் அல்ல. 1967-ல் வியத்நாமில், எதிரிகளின் எண்ணிக்கை 3 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கச் சேனைத் தலைமை பிடிவாதம் பிடித்தது. கிராமத்துத் தற்காப்புப் படைகளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பொறி வைப்பதும், குண்டு சுமப்பதும், வழி காட்டுவதும் அந்தக் கிராமத்து ஆட்கள்தான். அவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உளவு இலாகாவில் இருந்த சாம் ஆடம்ஸ் என்பவர் சண்டை போட்டார். எண்ணிக்கை கூடினால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. 1968 ஜனவரிக் கடைசியில் தென் வியத்நாம் முழுவதும் ஒரே சமயத்தில் தாக்குதல் கிளம்பியபோதுதான் கண் திறந்தது. ஆப்கானிஸ்தானத்தில் தங்கள் பக்கம் இல்லாத ஆளைச் சேர்த்தார்கள், வியத்நாமில் எதிரி பக்கம் இருக்கின்ற ஆளை விட்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கணக்கு எழுதுகின்றவனுடைய உத்தியோகம், அந்தக் கணக்கு நன்றாய் இருப்பதைப் பொறுத்திருந்தது.

தெய்வத்தின் பங்கு எவ்வளவு?

நிற்க, "எல்லாம் ஆண்டவன் செயல்" என்கின்றவர்களுடைய கணக்கையும் கொஞ்சம் பரிசோதிப்போம்.

2001-ம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி அமெரிக்க விமானங்கள் தாலிபான்கள் மீது குண்டு போட ஆரம்பித்தன. நவம்பர் 13-ந் தேதி காபூல் போயிற்று, டிசம்பர் 7-ந் தேதி காந்தகாரும் போயிற்று. அப்போதும் இதே தாலிபான்கள்தான், இதே வேதம்தான், இதே ஆண்டவன்தான். 1996-ல் முல்லா உமர், நபியின் போர்வை என்று காந்தகாரில் வைத்திருந்த வஸ்திரத்தை எடுத்து ஜனங்கள் முன் காட்டி, விசுவாசிகளின் தலைவர் என்று பட்டம் பெற்றார். அந்தப் போர்வையும் 2001-ல் இருந்தது. 2021-ல் வெற்றி கொடுத்த ஆண்டவன் 2001-ல் எங்கே போயிருந்தார்? அதோடு 2021-ல் எதிர்ப் பக்கத்தில் சாவடியில் நின்ற சிப்பாயும் முஸ்லிம்தானே, அவனும் அய்ந்து வேளை தொழுதவன்தானே. இரு பக்கமும் ஒரே எண் இருந்தால் கணக்கில் அதை அடித்துவிடவேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

தெய்வமே இல்லை என்ற கொள்கைக்காரர்கள் தலைமை வகித்த வியத்நாம் படை வெற்றி பெற்றது. அதற்கு மாறாக, 1905-ல் ஜெர்மானியர் வசமிருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில், மாஜி என்ற மந்திரத் தண்ணீர் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று கின்ஜிகிடிலே என்ற பூசாரி கொடுத்ததை நம்பி, ஏராளமான ஏழைக் குடியானவர்கள் மஹெங்கே கோட்டையில் இயந்திரத் துப்பாக்கிக்கு முன் ஓடி மாண்டார்கள். பருத்தி விளைவிக்கும்படி கட்டாயப்படுத்திய கொடுமையை எதிர்த்து எழுந்தார்கள் என்பதால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இருந்தும் தண்ணீர் குண்டைத் தடுக்கவில்லை. பின்னால் வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் சண்டையில் செத்தவர்களைவிடப் பல மடங்கு.

அப்படியானால் மத நம்பிக்கைக்கு யுத்தத்தில் ஒரு பலமும் இல்லையா என்று கேட்டால், உண்டு என்று நாம் மறைக்காமல் சொல்லுவோம். சேர்ந்து நிற்கச் செய்யவும், தலைவன் சொல்லுக்குக் கட்டுப்படச் செய்யவும் அது ஒரு கயிறாக உதவுகின்றது. முல்லா உமர் 2013 ஏப்ரலில் செத்துப் போனார். 2015 ஜூலை வரை இரண்டு வருஷத்துக்கு மேல் அதை மறைத்து, செத்தவர் பேராலேயே பண்டிகைச் செய்தியும் அறிக்கையும் வெளியிட்டு ஆட்களை நடத்தினார்கள்! சர்க்கார் பக்கத்தில் செத்த சிப்பாய் சம்பளம் வாங்கினான், தாலிபான் பக்கத்தில் செத்த தலைவர் உத்தரவு போட்டார். கயிறு இருந்தது என்பது நிஜம், அது கட்டப்பட்டிருந்த முளை பொய். மனிதன் மனதில் இருக்கின்ற நம்பிக்கையை எடை போடத்தான் வேண்டும். அதற்காக அந்த நம்பிக்கை சொல்லும் கடவுளையும் தராசில் ஏற்றவேண்டியதில்லை.

அமானுல்லாவின் பாடம்

காபூல் இப்படி விழுந்தது முதல் தடவையும் அல்ல. நம் வாசகர்கள் பலர் அமீர் அமானுல்லாவின் பெயரைப் படித்திருப்பார்கள். 1919-ல் பட்டத்துக்கு வந்து, பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, முல்லாக்களின் ஆதிக்கத்தைக் குறைக்கத் துணிந்த அரசர் அவர். அவருடைய மனைவி சொரையா முக்காட்டை நீக்கியதைக் காட்டி முல்லாக்கள் நாடெங்கும் தூபம் போட்டார்கள். 1928 நவம்பரில் ஷின்வாரிகள் கலகம் செய்தார்கள். 1929 ஜனவரியில், தண்ணீர் சுமந்தவர் மகன் என்று சொல்லப்பட்ட ஹபீபுல்லா கலக்கானி ஒரு கொள்ளைக் கூட்டத்தோடு வந்து காபூலைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் சுமந்தவர் மகன் சிம்மாசனம் ஏறுவதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஏறினவுடன் பெண்கள் பள்ளிக்கூடத்தை மூடினதற்குத்தான் ஆட்சேபணை.

அமானுல்லா ஏன் தோற்றார்? முல்லாக்கள் சபித்ததனாலா? அவர் பட்டாளத்துக்கு முன்னமே சம்பளம் வெட்டப்பட்டிருந்தது, அந்தக் குறைந்த சம்பளத்திலும் அதிகாரிகள் கை வைத்தார்கள். மனம் கசந்திருந்த சிப்பாய் சமயம் வந்தபோது நகரவில்லை. கலக்கானியாவது நிலைத்தாரா என்றால் அதுவும் இல்லை. வரிகளை எடுத்துவிட்டேன் என்று ஜனங்களைக் குஷிப்படுத்திவிட்டு, கஜானா காலியானதும் வீடு புகுந்து பிடுங்க வேண்டி வந்து, ஒன்பது மாதத்தில் அவரும் ஒழிந்தார். முல்லாக்களின் ஆசீர்வாதம் சம்பளப் பட்டுவாடாவுக்கு உதவவில்லை.

இதிலிருந்து சீர்திருத்தக்காரர்கள் படிக்க வேண்டிய பாடம் மிகக் கசப்பானதாகும். கொள்கை நல்லதாயிருந்தால் மட்டும் அது தன்னைத்தானே காப்பாற்றிக் கொள்ளாது. பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வாசலில் நிற்கின்ற காவல்காரன் சம்பளத்தைத் திருடுகின்றவன், அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே இருக்கும் முல்லாவைவிடப் பெரிய விரோதி. காபூலில் இருந்த மந்திரிகளும் தளபதிகளும் பெண் கல்வியைப் பற்றி மாநாடுகளில் பேசினார்கள். அதே சமயத்தில் பேய்ச் சம்பளத்தையும் வாங்கினார்கள். அதன் பலனை யார் அனுபவித்தார்கள்? விமானம் ஏறினவர்கள் அல்ல. 2021 செப்டம்பரில் ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தபோது ஆறாம் வகுப்புக்கு மேல் படித்த பெண் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கப்படவில்லை. 2022 டிசம்பரில் சர்வகலாசாலைக் கதவும் பெண்களுக்குச் சாத்தப்பட்டது. தப்புக் கணக்குப் போட்டவர்கள் பென்ஷன் வாங்கிக் கொண்டிருக்க, அந்தத் தப்புக்கு ஈடு கட்டியவள், புஸ்தகப் பையோடு வாசலில் நின்று திரும்பிப் போன பன்னிரண்டு வயதுப் பெண்.

ஆகவே தோழர்களே! எந்த நாட்டிலாவது ஒரு ஆயுதக் கூட்டம் கிளம்பியிருக்கின்றது என்று படிக்கும்போது, "கை நிறையத் துப்பாக்கி இல்லாதவர்கள், என்ன செய்வார்கள்?" என்று அலட்சியம் செய்யாதீர்கள். "தெய்வ பலம் பெற்றவர்கள், யாரால் தடுக்க முடியும்?" என்று மலைக்கவும் செய்யாதீர்கள். அந்தப் பெரியவர் கேட்ட நான்கு கேள்விகளையும் இரண்டு பக்கத்துக்கும் கேளுங்கள். யாருக்குச் சம்பளம் போய்ச் சேருகின்றது? யாருக்குச் சோறும் குண்டும் வருகின்றது? காயம் பட்டவனை யார் தூக்குகின்றான்? நாளைக்கும் இருக்கப் போகின்றவன் யார் என்று ஊர் நினைக்கின்றது? பதில் சொல்லுகின்றவனுக்கு அந்தப் பதிலினால் என்ன வரும்படி என்பதையும் கூடவே கேளுங்கள்.

அந்தப் பெரியவரைக் காபூல் விழுந்த மறுநாள் பார்த்தோம். "நீங்கள் சொன்னபடியே ஆயிற்றே அய்யா" என்றோம். அவருக்குச் சந்தோஷம் இல்லை. "சாவடியில் கடைசி வரை உட்கார்ந்திருந்த பையன்களை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்துப் போனார்.